நான் போட்ட வி-சிங்க்கும் தேவராஜண்ணன் கையும்

ஒரு மனுஷன் பதினெட்டு வருஷமாக ஓட்டிய வண்டியை விட்டுவிடப் பார்த்தார். காரணம், ஒரு செட்டிங்கில் நான் போட்ட டிக். சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் நான் சொல்வது இந்தக் கதையைத்தான். என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல ஆயிரம் கதை இருக்கிறது. அதெல்லாம் அப்புறம்.

1. போர்வையில் வந்த சிபியு

இரண்டாயிரத்து மூன்று. செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. சர்வீஸில் நான் ஒருத்திதான் பொம்பளை. வருகிறவர்கள் என்னிடமே, "சர்வீஸ் பண்றவரு எங்கம்மா?" என்று கேட்பார்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "அவருதான் உங்க எதிர்ல நிக்கிறாரு" என்பேன்.

அப்படிக் கேட்காமல் நேராக என்னிடம் வந்தவர் தேவராஜண்ணன். சதுரங்கப்பட்டினத்துக்காரர். பக்கத்து டவுன்ஷிப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் வேன் டிரைவர். பைக்கில் விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. அவர் மகள் பிரியா, காலேஜில் பி.சி.ஏ. படிக்கிறவள், சிபியுவைப் போர்வையில் சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னாண்ணே ப்ராப்ளம்?"

"வூட்ல சும்மா ஒக்காந்துகினு கீறேன்மா. இவ கார் ரேஸ் ஆடுவா, நான் பாப்பேன். திரும்பும்போதெல்லாம் படம் நடுவுல கிழிஞ்சி போவுது. தல சுத்துது."

எங்கள் பாஷையில் அதற்கு டியரிங் என்று பேர். மானிட்டர் விநாடிக்கு அறுபது தடவை படத்தை மேலிருந்து கீழே வரைகிறது. கிராபிக்ஸ் கார்டு அதைக் கண்டுகொள்ளாமல் தன் இஷ்டத்துக்கு ஃபிரேமை, அதாவது ஒவ்வொரு படத்தையும், அனுப்பினால், மேல் பாதியில் பழைய படமும் கீழ் பாதியில் புதுப் படமும் வந்து நிற்கும். மருந்து சுலபம். செட்டிங்கில் போய் வி-சிங்க்கை ஆன் பண்ணினால், மானிட்டர் வரைந்து முடிக்கும்வரை கார்டு காத்திருக்கும். கிழிசல் போய்விடும்.

ஆன் பண்ணினேன். சரி பார்க்க, கேமில் பதிவாகியிருந்த பழைய ரேஸ் ஒன்றை ரீப்ளேயில் ஓடவிட்டேன். கடையில் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். ஸ்கிரீன் தானாக ஓடும், நாங்கள் பக்கத்தில் நின்று போண்டா தின்போம். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. "பக்காவா கீதுண்ணே, எடுத்துகினு போங்க" என்றேன். கீபோர்டை நான் தொடக்கூட இல்லை.

2. இங்க் வாங்க வந்தவள்

மாவுக்கட்டு பிரித்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை பிரிண்டர் இங்க் வாங்க பிரியா வந்தாள். முகமே சரியில்லை.

"அப்பாக்கு கை எப்படிம்மா கீது?"

"டாக்டர் வண்டி ஓட்டலாம்னுட்டாருக்கா. அப்பாதான் மாட்டேன்றாரு. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது, மாமாதான் ஓட்டப் போறாரு. வண்டியவே மாமாக்கு குடுத்துடறாராம்."

"ஏன், வலிக்குதா?"

"வலி இல்லக்கா. கை லேட்டாவுதாம். கேம்ல தெனமும் ஓட்டிப் பாத்துகினே இருந்தாரு. கீய அமுக்கினா கார் அப்புறமாத்தான் திரும்புதாம். 'இருபது புள்ளைங்க பின்னாடி ஒக்காந்துகினு வரும், இந்தக் கைய நம்பி எப்படி ஏத்தறது'ன்னு சொல்லி அழுதுட்டாரு. எங்கப்பா அழுது நான் பாத்ததே இல்லக்கா."

எனக்கு உடனே புரிந்துவிட்டது, லேட்டாவது அவர் கை இல்லை. அந்த மெஷினில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, போர்டிலேயே இருக்கும் சின்ன சிப்தான். அதால் விநாடிக்கு அறுபது ஃபிரேம் தர முடியாது, தம் பிடித்தால் ஐம்பது. வி-சிங்க்கில் அந்தக் கணக்கு எடுபடாது. மானிட்டர் வரையும் ஒரு முறையைத் தவறவிட்டால் அடுத்த முறைவரை நிற்க வேண்டும். பஸ்ஸை ஒரு நிமிஷத்தில் விட்டவன் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் போல. ஐம்பது ஃபிரேம் முப்பதாகச் சுருங்கும். போதாததற்கு ஃபிரேம்கள் வரிசையில் வேறு நிற்கும். கீயை அமுக்கியது ஸ்கிரீனுக்கு வர தாமதமாகும். ரீப்ளே பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது. ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். அதுவும் பதினெட்டு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவருக்குத் தெரியாமல் போகுமா?

முதலாளியிடம், சதுரங்கப்பட்டினம் போய்வருகிறேன் என்றேன். 

"அதுக்கு ஏன் அவ்ளோ தூரம்? போன் போட்டு வைரஸ்னு சொல்லு. கஸ்டமர் முன்னாடி நம்ம தப்புன்னு வாயத் தொறக்காத, தெரியுதா? வைரஸ் வந்து நம்மள கேக்கவா போவுது?"

"போன்ல சொன்னா அவரு நம்பமாட்டாருண்ணே."

"அப்ப அரை நாள் லீவு போட்டுக்கோ."

"போட்டுக்கறேன்" என்று பையை எடுத்துக்கொண்டு பிரியாவோடு பஸ் ஏறினேன்.

3. ரிப்பேர் யார்

தேவராஜண்ணன் வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். மச்சானுக்குக் கொடுக்கிற வண்டி சுத்தமாக இருக்கட்டுமாம்.

"வாம்மா. எதுக்கு இம்மாந்தூரம்? கம்ப்யூட்டரு நல்லாத்தான் கீது. நான்தான் ரிப்பேரு."



நேராக உள்ளே போய் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். முதல் வளைவிலேயே கார் சுவரில் போய் முட்டியது. பிரியாவை உட்காரச் சொன்னேன். "நான் செமஸ்டரு எக்ஸாம் வந்ததுலேர்ந்து தொடவேயில்லக்கா" என்றபடி ஓட்டினாள். அவளும் முட்டினாள்.

"ரெண்டு பேரும் எனக்காவ வேணும்னே இடிக்கிறீங்க" என்று சிரித்தார் அவர். ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். இனி உண்மையைத் தவிர வேறு வழியில்லை.

"அண்ணே, தப்பு என்னுது. படம் கிழியக் கூடாதுன்னு நான் போட்ட செட்டிங்தான் காரை லேட்டாக்குது. ஒங்க கை இல்ல. கடையில நான் ஓட்டிப் பாக்காம குடுத்துட்டேன். மன்னிச்சுடுங்க."

நான் வி-சிங்க்கை ஆஃப் பண்ணி, அந்தச் சின்ன சிப் திணறாமல் இருக்க ரெசல்யூஷனைக் குறைத்து, எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். கை நீட்டத் தயங்கினார். பிரியா, "ஒக்காருப்பா" என்றாள்.

முதல் வளைவு. திரும்பியது. இரண்டாவது. திரும்பியது. மூன்று ரவுண்டு விடாமல் ஓட்டினார். படம் அங்கங்கே கிழிந்தது. "அதையும் கொஞ்சம் சரி பண்ணிப் பாக்கட்டாண்ணே?" என்றேன்.

"கிழிஞ்சா கிழியட்டும்மா. கை சொன்ன ஒடனே கேக்குது பாரு! ஏ, இங்க வந்து பாரேன்!" என்று அடுப்படியில் இருந்த மனைவியைக் கூப்பிட்டார். அந்தம்மா கரண்டியோடு வந்து நின்றாள். அவளுக்கு ஸ்கிரீன் புரியவில்லை, புருஷன் முகம் புரிந்தது. கரண்டியை அப்படியே டேபிளில் வைத்துவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது.

"நீ இன்னாத்துக்கும்மா அழுவுற?"

"நான் வராம இருந்திருந்தா இன்னாண்ணே ஆயிருக்கும்?"

"வந்துட்ட இல்ல? வுடு."

"அண்ணே, கேமு ஒண்ணும் டெஸ்ட்டு கிடையாது. அத நம்பி வண்டிய வுடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. வெளிய எடுத்துப் பாருங்க."

காலி வேனில் என்னைப் பஸ் ஸ்டாப்பில் கொண்டுபோய் விட்டார். ஊரில் இருக்கும் பழைய கோட்டைப் பக்கம் திரும்பும்போது ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே ஓடியது. வண்டி அலுங்காமல் நின்றது. ஆடு போயிற்று. அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தடவினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிறு முழுக்க அதே ரோட்டில் மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தாராம். திங்கட்கிழமை எட்டரை மணிக்குக் கடைக்கு போன். பிரியாதான்.

"அக்கா, அப்பா இருபது பேரையும் ஏத்திகினு கெளம்பிட்டாருக்கா."

அன்றிலிருந்து எந்த மெஷினையும் கீபோர்டு தொடாமல் நான் டெலிவரி கொடுத்ததில்லை. இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். நம் தப்பை நாம் வாயைத் திறந்து சொல்லாவிட்டால் அது காணாமல் போவதில்லை. எதிரே நிற்கிற நல்ல மனுஷன் அதைத் தன் தப்பு என்று எடுத்துக்கொள்வான்.