மாமா சொல்ல மறுத்த எண்

அத்தையின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்று தென்காசி ஆஸ்பத்திரியில் சொன்னபோது, அவள் டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, "சீசன் முடியுத வரைக்கும் தாங்குமா சார்?" என்பதுதான். குற்றாலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் மூன்று வீடுகளின் சாவி அத்தையிடம்தான் இருந்தது. கூட்டிப் பெருக்கி, விரிப்பு மாற்றி, சாவி கொடுத்து வாங்குவது அவள் பிழைப்பு. அந்த வீடுகளில் ஒன்றின் பின்னறையில்தான் குடியிருந்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் திருநெல்வேலிக்குப் போய் வால்வை மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்றார். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவைப் பற்றிய கவலை வேண்டாம் என்றும் சொன்னார்.

அட்டை எடுக்க ரேஷன் கார்டு வேண்டும். அத்தையின் பெயர் இருந்த ரேஷன் கார்டு வடகரையில் அவள் புருஷனிடம், என் மாமாவிடம் இருந்தது. அத்தை மாமாவோடு பேசி ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

சண்டை இதுதான். அத்தையின் அம்மா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு மாமா வரவில்லை. அன்றைக்கு அவர் வயலுக்குக் கால்வாய்த் தண்ணீர் திறந்துவிடும் முறை. விட்டால் அடுத்த முறைக்குள் பயிர் கருகிவிடும் என்று வரப்பிலேயே நின்றுவிட்டார். மருமகன் இல்லாமல் காரியம் நடந்தது. மருமகன் எங்கே என்று ஊர் முழுக்கக் கேட்டது. அத்தை பிறகு வடகரைக்குத் திரும்பவே இல்லை. பிள்ளைகளும் கிடையாது, சமாதானம் பேச. நான் அத்தை கட்சி. தென்காசி பஜாரில் மாமா எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். வீம்பில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை.

"அவுக கார்டு எனக்கு வேண்டாம்" என்றாள் அத்தை. "என் பேரை அதுலேருந்து எடுத்துட்டு, தனியா ஒரு கார்டு வாங்கிக் குடு."

"எடுக்கணும்னா மாமா சம்மதம் வேணும் அத்தை. அவுக போனுக்குத்தான் ஓ.டி.பி. நம்பர் வரும்."

"கேட்டுப் பாரு. ஆனா எனக்கு முடியலைங்கது மட்டும் அவுகளுக்குத் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே கையை நீட்டினாள். நானும் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மாமாவிடம் போய்க் கெஞ்ச வேண்டாம். ஒரு எண்ணை வாங்கினால் போதும், அவர் தொடர்பே அறுந்துவிடும். இவ்வளவு படித்தும் எனக்கு அன்றைக்குப் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

மறுநாள் பள்ளிக்கூட அலுவலக வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இ-சேவை மையத்தில் போய் உட்கார்ந்தேன். கணினியில் இருந்த பெண் பெயர் நீக்கும் பக்கத்தைத் திறந்து, கார்டில் பதிந்திருந்த மாமாவின் போன் எண்ணைப் போட்டு, "நம்பர் போயிருக்குக்கா, கேளுங்க" என்றாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு மாமாவுக்குப் போன் செய்தேன்.

"மாமா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"அத்தை பேரைக் கார்டுலேருந்து எடுக்கதுக்கு."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"மாட்டேன்."

"ஏன் மாட்டிய? அத்தை என்ன உங்ககூடவா இருக்கா?"

"இருந்தாலும் இல்லாட்டியும் அவ பேரு அங்கனதான் இருக்கும். போனை வை."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மனுஷிக்குச் சோறு போடாத கார்டில் பேர் மட்டும் எதற்கு? அந்தப் பெண்ணை மறுபடி எண்ணை அனுப்பச் சொன்னேன், மாமாவிடம் மறுபடி கேட்டேன். அவர் முடியாது என்று வைத்துவிட்டார். மூன்றாவது முறை எடுத்தபோது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. சத்தியம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நெஞ்சுல வால்வு கெட்டுப்போச்சு மாமா. ஒரு மாசத்துக்குள்ள மாத்தலைன்னா அத்தை இருக்க மாட்டா. காப்பீட்டு அட்டைக்காகத்தான் கேக்குதேன். வயித்தெரிச்சலைக் கொட்டிக்காம நம்பரைச் சொல்லுங்க."

"எங்கன இருக்கே?" என்றார். சொன்னேன். வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கினார். முழங்கால் வரை வயல் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். என்னிடம் ஒன்றும் பேசாமல், மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து அந்தப் பெண்ணின் மேசையில் வைத்தார். உள்ளே ரேஷன் கார்டும், அதோடு ஒரு காப்பீட்டு அட்டையும் இருந்தன.

"போன வருசம் கலெக்டர் ஆபீசுல வரிசையில நின்னு எடுத்தது. அவ பேரு இருக்கான்னு பாரும்மா" என்றார்.

அந்தப் பெண் அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "இருக்கு தாத்தா. ரெண்டு பேர் பேரும் இருக்கு. அவங்க போட்டோவும் கைரேகையும்தான் பதியல. கூட்டிட்டுப் போய்ப் பதிஞ்சா போதும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நல்லவேளைக்கா, தாத்தா நம்பர் சொல்லலை. இதுல பேரை நீக்கியிருந்தா இந்த அட்டையும் போயிருக்கும். புது கார்டு வர எத்தனை நாள் ஆகுமோ. அதுவரைக்கும் அவங்க எதுலயும் இருந்திருக்க மாட்டாங்க. அறுவைச் சிகிச்சைக்குன்னு முன்னாலயே சொல்லியிருந்தா நானே வேண்டாம்னிருப்பேன்."

மூன்று முறை கேட்டேனே, ஒருமுறை அவர் சொல்லித் தொலைத்திருந்தால் என் கையாலேயே அத்தையைக் கொன்றிருப்பேன். அப்படியே அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். மாமா வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தியம் தவறியதையும் மாமா நம்பர் தர மறுத்ததையும் அன்று ராத்திரியே அத்தையிடம் சொன்னேன்; திட்டாமல், வருகிறேன் என்றாள். அடுத்த நாள் கலெக்டர் ஆபீஸ் பதிவு அறையில் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், நடுவில் நான். மாமா ஒரு தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டி, "அவகிட்டக் குடு" என்றார். அத்தை வாங்கிக் குடித்துவிட்டு, பாட்டிலை என்னிடம் தந்து, "அவுககிட்டக் குடு" என்றாள்.

முறை வந்தபோது பதிவு செய்கிறவர், "கணவர் பெயர் சொல்லுங்கம்மா" என்றார். அத்தை வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வருடமாக அந்த மனிதரைத் திட்டாத திட்டு இல்லை, ஆனால் அத்தனை திட்டிலும் ஒருமுறைகூடப் பெயர் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. புருஷன் பெயரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பழக்கம். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே சும்மா இருந்தேன். பெஞ்சிலிருந்து மாமா எழுந்துவந்து, "நான்தான் சார்" என்று தன் பெயரைச் சொன்னார். அத்தை கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திருநெல்வேலியில் காப்பீட்டு ஒப்புதல் வந்து, அறுவைச் சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. வார்டுக்கு மாற்றிய அன்று சாயங்காலம், மாமா கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். அத்தையின் முகத்தில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவள் என் கையைச் சுரண்டினாள்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லு. அவுக நம்பர் தர மாட்டேன்னது, எனக்கு முடியலைங்கது தெரிஞ்ச பொறவா, அதுக்கு முன்னாலயா?"

"முன்னாலயேதான் அத்தை. ரெண்டு தடவை. நோயைப் பத்தி மூணாவது தடவைதான் சொன்னேன்."

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். தையல் போட்ட நெஞ்சு மெதுவாக ஏறி இறங்கியது.

"அதுக்குத்தான் கேட்டுப் பாக்கச் சொன்னேன்" என்றாள்.