பதினோரு பேட்டரிகள்

என் பேஸ் கிட்டார் பேட்டரியில் ஓடுவது. எல்லா பேஸ் கிட்டாருக்கும் பேட்டரி தேவைப்படாது. என்னுடையது ‘ஆக்டிவ்’ வகை. உடலுக்குள் ஒரு சின்ன மின்சுற்று இருக்கிறது, கம்பியின் சத்தத்தைத் தூக்கிக் கொடுப்பது அதுதான். அதற்காக முதுகுப் பக்கம் ஒரு மூடியைத் திறந்து சதுரமான ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றை வைக்க வேண்டும். நாம் வாசிக்கிறோமோ இல்லையோ, கேபிள் செருகியிருக்கும்வரை அது பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிட்டால் ஒரே பேட்டரி பல மாதம் தாங்கும். நான் ஒருமுறை பிடுங்க மறந்தேன்.

கிளாங்கில் ஒரு கல்யாண விருந்து. ஞாயிற்றுக்கிழமை மதியம், மண்டபம் நிறைய ஆட்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் உள்ளே நடந்து வரும் பாட்டு பாதியில் இருந்தபோது என் பேஸ் முதலில் கிழிந்த ஸ்பீக்கர் போலக் கரகரத்தது. பிறகு தேய்ந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. கேபிளோடு இரண்டு வாரம் வீட்டில் சாய்ந்து கிடந்த கிட்டார் அது. எங்கள் குழுத் தலைவர் கீபோர்டு வாசிப்பவர். இடது கையாலேயே பேஸையும் சேர்த்து வாசித்து அன்று என் மானத்தைக் காப்பாற்றினார். மேடையிலிருந்து இறங்கியதும், “பேஸ் இல்லாட்டி பாட்டுக்குத் தரையே இல்லலா. இன்னொரு தடவை இப்படி வேணாம்,” என்று மட்டும் சொன்னார்.

அதிலிருந்து சட்டைப் பையில் ஒரு புதுப் பேட்டரி இல்லாமல் நான் மேடை ஏறியதில்லை. சத்தம் மெலிந்தால் அது பேட்டரி என்று என் மண்டையில் ஆணி அடித்தது போலப் பதிந்துவிட்டது. பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை எனக்கு. பெட்டி கட்டும் இயந்திரங்கள். போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. குளிக்கும்போது தண்ணீர் போனால் இருக்குமே, அதே மாதிரி. உள்ளே எங்கோ ஒரு பழைய ஃபிரிட்ஜ் ஓடுவது போல ஊம் என்ற சத்தம். அந்த வாரம் எனக்குச் சளியும் இருந்தது. மனைவி சுடுதண்ணீரில் ஆவி பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். வேலையில் இயந்திர இரைச்சலுக்காக இரண்டு காதையும் அடைத்துக்கொண்டுதான் நிற்போம். போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். ஆகவே பெரிதாக எதுவும் தெரியவில்லை. இரண்டு மூன்று நாளில் நான் அந்த அடைப்பையே மறந்துபோனேன்.

சனிக்கிழமை சுங்கை வேயில் பயிற்சி. கடை வீட்டு மாடியில் வாடகைக்கு எடுக்கும் அறை. நான் ஒற்றைக் காதில்தான் இயர்ஃபோன் போடுவேன், இடது காதில். அதில்தான் என் பேஸ் எனக்குத் தெளிவாகக் கேட்கும்; பெரிய ஸ்பீக்கர்கள் எங்களுக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்பவை. தலைவர் கூப்பிடுவதும் டிரம்ஸும் கேட்கவேண்டும் என்று வலது காதைத் திறந்தே விடுவேன். இருபது வருடப் பழக்கம் அது. முதல் பாட்டிலேயே பேஸ் செத்துக் கிடந்தது. அந்தக் கனமான அடிச்சத்தமே இல்லை. தாழ்ந்த கம்பியை அடித்தால் தகரத்தை நகத்தால் தட்டுவது போல ஒரு கரகரப்பு மட்டும் வந்தது.

பேட்டரி என்று நினைத்து மாற்றினேன். கொஞ்சமும் மாறவில்லை. கடையில் கிடந்து பழசான பேட்டரி போல என்று நினைத்து, கீழே மளிகைக் கடைக்கு ஓடி இன்னொன்று வாங்கி வந்து போட்டேன். அதுவும் அப்படியே. எனக்கே கேட்காததால் சத்தத்தைக் கூட்டினேன்.

“அண்ணே, பேஸ் ரொம்ப கூடுது. குறைங்க,” என்றான் டிரம்ஸ் வாசிப்பவன்.

“கூடுதா? எனக்குக் கேக்கவே இல்லடா!”

அவனும் தலைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. மடிக்கணினியில் பேஸைப் பதிவு செய்து ஓட்டிவிட்டால் ஓர் ஆள் மிச்சம் என்று மற்ற குழுக்கள் செய்துகொண்டிருந்த காலம். என்னைக் கழற்றிவிட வழி தேடுகிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த நான்கு வாரமும் நான் பைத்தியம் போல அலைந்தேன். வேலையிடத்து மீட்டரை வைத்து ஒவ்வொரு பேட்டரியையும் அளந்தேன். எல்லாம் ஒன்பதுக்கு மேல் காட்டியது. மீட்டரே பொய் சொல்கிறது என்று வேறொரு மீட்டரில் அளந்தேன். மூடிக்குள் இருக்கும் சின்ன வயரை மறுபடி பற்றவைத்தேன். கேபிளை மாற்றினேன், இயர்ஃபோனையும் புதிதாக வாங்கினேன். வீட்டில் அதே இடது காதில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்காக ஒரே கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தேன். மனைவி சோபாவில் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்து ஏதோ கேட்பாள். நான் பதில் சொல்லாவிட்டால், “அந்தக் கட்டையோட குடும்பம் நடத்துங்க,” என்று எழுந்து போய்விடுவாள். நான் கேட்டும் கேட்காதது போல இருப்பதாக அவள் நினைத்தாள். அவள் பேசியதே எனக்குத் தெரியாது.

பிறகு ஷா ஆலமில் ஒரு பிறந்தநாள் விருந்து. காலையில் புதுப் பேட்டரி, மண்டபத்துக்கு வந்ததும் இன்னொரு புதுப் பேட்டரி. மூன்றாவது பாட்டில் பழையபடி தகரச் சத்தம்தான். வியர்த்துக் கொட்டியது. பாடகி பாடிக்கொண்டிருக்கும்போதே நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு, மேடையிலேயே முட்டி போட்டு, கிட்டாரைக் கவிழ்த்து, திருப்புளியால் மூடியைத் திறந்தேன். அவசரத்தில் ஒரு திருகாணி உருண்டு மேடைக்குக் கீழே விழுந்தது. முன்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். மூன்றாவது பேட்டரியைப் போட்டு, சத்தத்தை முழுசாகத் திருப்பி, ஓர் அடி அடித்தேன். மேசையில் இருந்த கண்ணாடித் தம்ளர்கள் அதிர்ந்ததாகப் பிறகு சொன்னார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கு அப்போதும் தகரம்தான் கேட்டது.

தலைவர் மேடையிலேயே என் கேபிளைப் பிடுங்கினார். விருந்து முடிந்து கார் நிறுத்துமிடத்தில் என்னிடம் வந்தார்.

“நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு.”

“பேட்டரிண்ணே. சத்தியமா பேட்டரிதான்.”

“பேட்டரி இல்லலா. உனக்கு என்னமோ ஆயிருச்சு. எனக்குத் தெரியல. வீட்டுக்குப் போ.”

அவர் கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கத்தோடு பேசினார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். அங்கே ஒரு கடையின் மேல்மாடியில் கிட்டார் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். என் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, பேஸைத் தன் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தார். அறை முழுக்கக் கும்மென்று நிறைந்தது.

“நல்லாத்தானே இருக்கு பாஸ்?”

எனக்கும் நன்றாகத்தான் கேட்டது. அதுதான் என்னை இன்னும் கலங்கடித்தது. “இங்க இருக்குண்ணே. மேடையில போனா செத்துப் போகுது.”

“மேடையில எதுல கேக்குறீங்க?”

இயர்ஃபோனை எடுத்து மாட்டினேன். இடது காதில். “இதோ பாருங்க, இப்ப இல்ல. போச்சு. பாத்தீங்களா?” என்று கிட்டத்தட்டக் கத்தினேன். அவர் அதை என் காதிலிருந்து கழற்றித் தன் காதில் வைத்து, கம்பியைத் தட்டினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எழுந்து வந்து, அதை என் வலது காதில் வைத்தார்.

“இப்ப தட்டுங்க.”

தட்டினேன். என் பேஸ் கேட்டது. ஐந்து வாரமாக நான் தேடிய சத்தம், அடி வயிற்றில் இறங்கும் அந்தக் கனத்தோடு அப்படியே இருந்தது.

“கிட்டார்ல ஒண்ணும் இல்ல,” என்றார் மெதுவாக. “காது டாக்டரைப் பாருங்க. இன்னிக்கே.”

படி இறங்கிக் காரில் போய் உட்கார்ந்தேன். சாவிக்கொத்தை எடுத்து வலது காதருகே ஆட்டினேன், இடது காதருகே ஆட்டினேன், அங்கே சத்தம் தேய்ந்து கேட்டது. மறுபடியும் ஆட்டினேன். விரலால் இடது காதைக் குடைந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதினேன். பக்கத்தில் கார் நிறுத்த இடம் தேடி ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எந்தத் திசையிலிருந்து அடிக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் உண்மையாகப் பயந்தேன்.

காது மருத்துவர் இளம்பெண். இடது காதின் நரம்பு திடீரென்று பழுதாகியிருப்பதாகச் சொன்னார். சில பேருக்கு அப்படி ஆகுமாம், பெரும்பாலும் காரணம் தெரியாதாம். பரிசோதனைத் தாளில் வலது காதின் கோடு நேராக ஓடியது. இடது காதின் கோடு தாழ்ந்த சத்தங்கள் இருக்கும் இடத்தில் பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

“எப்ப ஆரம்பிச்சது அங்கிள்?”

சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“முதல் ரெண்டு வாரத்துல வந்திருந்தா மருந்துக்கு நல்லா சான்ஸ் இருந்திருக்கும். இப்பவும் குடுத்துப் பாக்கலாம். ஆனா என்னால வாக்குக் குடுக்க முடியாது. ஏன் இவ்வளவு லேட்டு?”

“பேட்டரின்னு நெனச்சேன் டாக்டர்.”

அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து மேசை இழுப்பறையைத் திறந்தேன். மாற்றிப் போட்ட பேட்டரிகள் கிடந்தன. பதினொன்று. ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்தேன். எல்லாமே உயிரோடு இருந்தன. ஒவ்வொன்றும் நான் மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய ஒரு தருணம். மனைவி பின்னால் வந்து நின்றது தெரியாது. தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பி, அழுதுவிட்டேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவள் முன்னால் நான் அழுதது அதுதான் முதல்முறை. அவள் பரிசோதனைத் தாளைப் படித்துவிட்டு, “அப்ப நான் பேசுனதெல்லாம்...?” என்று ஆரம்பித்தாள்.

மாத்திரை சாப்பிட்டேன். முகம் வீங்கியது, தூக்கம் போனது. பிறகு செவிப்பறை வழியாகக் காதுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். ஒவ்வொரு வாரமும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கேட்காதபோதும் சில தடவை அழுத்தினேன். அந்த டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். “அங்கிள், பொய்யா அழுத்தாதீங்க. எனக்கு உண்மை வேணும்,” என்றார். தலை குனிந்துகொண்டேன். மூன்று மாதம் கழித்துக் கோடு ஒரு விரற்கடை ஏறியிருந்தது. அதற்கு மேல் ஏறவில்லை, இனி ஏறாது என்றார்.

தலைவரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கீபோர்டை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லா.”

“எனக்கே தெரியாதேண்ணே.”

அவர் அதற்குள் மடிக்கணினி பேஸுக்கு மாறியிருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே பயிற்சிக்கு வரச் சொன்னார். முதல் நாள் படுதோல்வி. இயர்ஃபோனை வலது காதுக்கு மாற்றியதும் டிரம்ஸ் எங்கோ போய்விட்டது. இரண்டு பாட்டில் தாளம் தவறினேன். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ்காரனின் வலது பாதத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அது மிதியை அமுக்கும் அதே நொடியில் கம்பியை அடித்தேன். அதில் ஓரளவு பிடி கிடைத்தது. இப்போது எளிய பாட்டுகளுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறார். வேகமானவை மடிக்கணினிக்கு. நான் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

காரை இப்போது மனைவிதான் ஓட்டுகிறாள். நான் ஓட்டினால் அவள் என் செத்த காதுப் பக்கம் உட்கார வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் எடுத்துப் பல வருடம் ஆகியும் நெடுஞ்சாலைப் பக்கமே போகாதவள். முதல் நாள் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் உரசுவது போல வந்த லோரிக்காரனைக் கிளாங்கிலிருந்து சுபாங் வரை திட்டிக்கொண்டே வந்தாள். இடது பக்க இருக்கையில், நல்ல காது அவள் பக்கமாக உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.