திருப்பி வாங்கிய பங்கும் புதிதாக முளைத்த பங்கும்

1. லட்டு

பங்கு விலை ஏறினால் இனிப்பு வாங்கி வருகிற வாடிக்கையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பங்கின் எண்ணிக்கை ஏறியதற்காக லட்டு வாங்கி வந்தவர் முனியாண்டி மண்டோர் ஒருவர்தான்.

மலேசியாவில், சிரம்பானில் ஒரு பங்குத்தரகு நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் ரெமிசியராக இருந்தேன். ரெமிசியருக்குச் சம்பளம் கிடையாது. வாடிக்கையாளர் வாங்கினாலும் விற்றாலும் கமிஷன் வரும், அவ்வளவுதான். இப்போது எல்லாரும் கைபேசியிலேயே வாங்கி விற்கிறார்கள். ஆனாலும் இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் சிலர் அவ்வப்போது என்னிடம் கேள்வி கேட்கிறார்கள். நான் சாமர்த்தியமாகச் செய்ததை எழுதினால் அவர்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கோட்டை விட்டதை எழுதுகிறேன்.

மண்டோர் என்றால் கங்காணி. பகாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். அன்று காலை பஸ் பிடித்து வந்து லட்டுப் பெட்டியை என் மேசையில் வைத்தார்.

"மிஸ், நம்ம கம்பெனில புதுசா நூறு மில்லியன் ஷேர் சேர்ந்திருக்காம் லா. என் மவன் போன்ல பாத்துச் சொன்னான். கம்பெனி பெருசாயிடுச்சு!"

நானும் ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். பாதி தின்ற பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது.

2. ஐந்து சதவீதம்

அவர் என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். வீடமைப்புக்காகத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து வீட்டை வருட முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். அதே நிலத்தில் வரப்போகும் தாமானில், அதாவது புதுக் குடியிருப்பில், பழைய தொழிலாளிகளுக்கு மட்டும் மலிவு விலை வீடு, நாற்பத்திரண்டாயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட். மண்டோருக்கும் அவர் மனைவி லெட்சுமிக்கும் கிடைத்த நஷ்ட ஈடு முப்பதாயிரம். அறுபது தாண்டியவருக்கு பேங்கில் கடன் கிடைக்காது. மகனுக்கு லாரி ஓட்டுகிற வேலை, ஏற்கனவே கழுத்துவரை தவணை. பன்னிரண்டாயிரம் குறைந்தது. வீட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, முழுப் பணத்தையும் கட்ட எட்டு மாதம் தவணை வாங்கியிருந்தார்.

பத்திரமான பங்காகச் சொல்லுங்கள் என்று கேட்டார். எட்டு மாதத்தில் முப்பதை நாற்பத்திரண்டாக்கும் பத்திரமான பங்கு எந்த ஊரிலும் இல்லை என்று அன்றே அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்னத் தங்கச் சுரங்கக் கம்பெனியின் பெயர்தான் அடிபட்டுக்கொண்டிருந்தது. தன் பங்கைத் தானே சந்தையில் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தது அந்தக் கம்பெனி. இரண்டு நாளைக்கு ஒருமுறை அறிவிப்பு வரும். எங்கள் டீலிங் மேனேஜர் சிவநேசன் அதைச் சத்தமாக வாசிப்பார்.

"கம்பெனிக்காரனே வாங்குறான். உள்ள என்ன இருக்குன்னு அவனுக்குத் தெரியாதா? பைபேக் யீல்டு அஞ்சு பர்சென்ட். கண்ணை மூடிட்டுச் சொல்லலாம்."

அது எப்படி என்றால், கம்பெனிக்கு ஐந்நூறு மில்லியன் பங்கு. ஒன்று இருபது சென்; நூறு சென் ஒரு வெள்ளி. ஆக மொத்த மதிப்பு நூறு மில்லியன் வெள்ளி. திருப்பி வாங்குவதற்கு ஒரு வருடத்தில் செலவழித்தது ஐந்து மில்லியன். நூறுக்கு ஐந்து, ஐந்து சதவீதம். பங்கு குறையக் குறைய மிச்சமிருப்பவர்களின் பாகம் கூடும். எண்களில் தவறில்லை. மண்டோரிடம் இதைத்தான் சொன்னேன். ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் பங்கு வாங்கினார். எனக்குக் கமிஷன் வந்தது.

3. கூட்டாத கணக்கு

லட்டைத் தின்று முடித்துவிட்டு, அந்தக் கம்பெனியின் அறிவிப்புகளை எல்லாம் மேசையில் பரப்பினேன். ஒன்றுகூட எனக்குப் புதிதில்லை. எல்லாம் வந்த அன்றே வாசித்தவைதான். ஆனால் ஒன்றோடொன்று கூட்டிப் பார்த்ததில்லை.

திருப்பி வாங்கியது இருபத்தைந்து மில்லியன் பங்கு. அவற்றை ரத்து செய்யவில்லை, டிரஷரி ஷேர் என்று கம்பெனியே வைத்துக்கொண்டது. பிறகு அந்த இருபத்தைந்து மில்லியனையும் சலுகைத் திட்டம் என்ற பெயரில் டைரக்டர்களுக்குப் பன்னிரண்டு சென்னுக்குக் கொடுத்துவிட்டது. இருபதுக்கு வாங்கிப் பன்னிரண்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் பிரைவேட் பிளேஸ்மென்ட், அதாவது வெளியார் சிலருக்குப் புதுப் பங்கு, நூறு மில்லியன், பதினெட்டு சென்னுக்கு.

ஐந்நூறு அறுநூறாகிவிட்டது. வெளியே போனது ஐந்து மில்லியன் வெள்ளி, பங்கு கொடுத்து உள்ளே வாங்கியது இருபத்தொரு மில்லியன். ஐந்து சதவீதம் என்று நாங்கள் ஊதிப் பெரிதாக்கிய யீல்டு, கழித்துப் பார்த்தால் மைனஸ் பதினாறு. வெட்கமாக இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு.

மண்டோரிடம் சொன்னேன். "அண்ணே, முன்னே தோண்டுன தங்கத்துல உங்க பாகம் ஆறு கிராம்னா, இனிமே அஞ்சு கிராம்தான்."

அவர் சிரித்தார். "என்னா மிஸ் நீங்க. ஆளு சேர்ந்தா சங்கம் வளரும்தானே?"

அப்போதுதான் லட்டின் காரணம் புரிந்தது. மண்டோர் முப்பது வருடம் தோட்டத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தவர். சங்கத்தில் போட்ட நூறு வெள்ளி நூறு வெள்ளியாகவே இருக்கும். விலகினால் அதே நூறு கைக்கு வரும். புதிதாக ஐம்பது பேர் சேர்ந்தால் சங்கத்துக்குக் காசு கூடும், யாருடைய நூறும் குறையாது. புது உறுப்பினர் சேர்ந்த அன்று டீயும் வடையும் கொடுப்பார்களாம். பங்கு என்றாலே அவருக்கு அந்தப் பங்குதான். அவர் பிழை அது. என் பிழைக்கு அந்த மாதிரி ஒரு காரணமும் இல்லை.

அன்று விலை பதினேழு சென். விற்றால் இருபத்தைந்தாயிரத்து ஐந்நூறு வரும். "நட்டத்துக்கா விக்கச் சொல்றீங்க?" என்று எழுந்து போய்விட்டார்.

4. பகாவ்

ஞாயிற்றுக்கிழமை நானே காரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பாதி லயம் காலியாகிவிட்டது. லெட்சுமி அக்கா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். பங்கு விஷயத்தில் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் மண்டோரிடம் மறுபடியும் ஆறு கிராம், ஐந்து கிராம் என்று ஆரம்பித்ததும் குறுக்கே வந்தார்.

"அதே காட்டுல இன்னும் ஆளை இறக்கிட்டாங்க, அப்படித்தானே மிஸ்? எனக்கு அறுநூறு மரம் இருந்துச்சு. ஆளு கூடுனா ஐந்நூறு மரம்."

"ஆமாக்கா."

"புதுக்காடு திறந்தாங்கன்னா ஆளு வரட்டும், அது நாயம். திறந்தாங்களா?"

இந்தக் கேள்வியை எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நான் உட்பட. சின்னச் சுரங்கக் கம்பெனி புதுப் பங்கு வெளியிடுவதே குற்றம் என்று சொல்ல முடியாது. கையில் காசில்லாமல் நிலத்தைத் துளையிட முடியாது. பங்கு ஐந்தில் ஒரு பாகம் கூடி, தங்கம் இரண்டு மடங்கானால் பழைய பங்குதாரருக்கு லாபம்தான். கையோடு கொண்டுபோயிருந்த அறிவிப்பில் பணம் எதற்கு என்ற பக்கத்தைத் தேடி வாசித்தேன். இயந்திர வாடகை பாக்கி, குத்தகைக்காரர் பாக்கி, அலுவலகச் செலவு.

"இல்லக்கா. பழைய பாக்கி கட்டத்தான்."

"அப்ப வித்துடுங்க," என்றார் கணவரைப் பார்த்து.

மண்டோர் அசையவில்லை. சங்கத்துக்காரர்கள் நாலு பேரிடம் இந்தப் பங்கைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டார். முதலில் விற்றவன் என்று பெயரெடுக்க மனம் வரவில்லை. "ஏறும் லா, கொஞ்சம் பொறு," என்று ஆறு வாரம் இழுத்தார். அவர் பெயரில் இருக்கிற பங்கை அவர் சொல்லாமல் நான் தொட முடியாது. பிளேஸ்மென்டில் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு வெளியேற, விலை இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் மண்டோர் பதினாலு சென்னுக்கு விற்றார். கைக்கு வந்தது இருபத்தோராயிரம். விற்றதற்கும் எனக்குக் கமிஷன் வந்தது. எங்கள் மூன்று பேரில் நஷ்டப்படாத ஆள் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

தவணை முடிந்தது. வீடு பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விட்டது. அவர்கள் பகாவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வாடகைக்குக் குடியேறினார்கள்.

அதன் பிறகு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வருட ஆரம்பத்தில் மொத்தம் எத்தனை பங்கு, வருட முடிவில் எத்தனை என்று இரண்டு எண்களை எழுதி வைத்துவிட்டுத்தான் பைபேக் பக்கத்தைத் திறப்பேன். கூடியிருந்தால், புதுக் காசு எந்தக் குழிக்குள் போனது என்று தேடுவேன். பிள்ளைகளே, உங்களுக்கும் நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்.

போன மாதம் பகாவ் பாசாரில் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். இவ்வளவு காலம் சொல்லாமல் வைத்திருந்ததை அங்கே வைத்துச் சொன்னேன். என்னால்தான் உங்கள் வீடு போனது அக்கா, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை.

"ஆளு எத்தனைன்னு கேக்கணும்னு எனக்கே தெரிஞ்சுது மிஸ். நாங்க படிக்காதவங்கன்னுதான் உங்ககிட்ட வந்தோம்."

கீரைக்குக் காசு கொடுத்துவிட்டு, மாடிப்படி ஏறி இறங்க முடியாமல் மேலேயே கிடக்கும் மண்டோருக்குச் சாப்பாடு கொடுக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.