முட்டை அட்டையும் அத்தையின் கம்ப்யூட்டரும்

எங்கள் பக்கத்துச் சொந்தபந்தங்களிடம் என்னைப் பற்றி விசாரித்தால், "பத்து வயசுலயே கம்ப்யூட்டர் ரிப்பேரக் கண்டுபுடிச்ச புள்ளைங்களா?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பியது வேறு யாருமில்லை, நானேதான். அதில் எனக்கு வெட்கமும் கிடையாது. தன் பெருமையைத் தானே சொல்லாவிட்டால் அடுத்தவனா வந்து சொல்லப் போகிறான்?

நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே எங்கள் கோழிப்பண்ணை. பண்ணைக்குள்ளேயே வீடு. கோழிக்காரர் வீட்டில் எது குறைந்தாலும் முட்டை அட்டை குறையாது. முப்பது குழி வைத்த அந்தக் காகித அட்டைகள் மூலைக்கு மூலை அடுக்கிக் கிடக்கும். உடையக்கூடியது எதுவாக இருந்தாலும் அதன்மேல்தான் வைப்போம். கண்ணாடி, ஊறுகாய் ஜாடி, மிக்சி எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் அட்டை இருக்கும். விருந்தாளிகள்தான் அதை உற்றுப் பார்ப்பார்கள். எங்கள் கண்ணுக்கு அது தரையும் சுவரும் மாதிரி.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்து முடித்திருந்தாள். கடையில் விற்கிற கம்ப்யூட்டரை அவள் மதிக்கவே மாட்டாள். சேலம் போகும்போதெல்லாம் ஒவ்வொரு சாமானாக வாங்கி வந்து, பண்ணை ஆபீஸ் அறையில் தானே ஒன்றைச் சேர்க்க உட்கார்ந்தாள்.

"செஞ்சு வெச்சதையே வாங்கிக்கலாமில்ல சாமி?" என்று அப்பா கேட்டார்.

"வாங்கறதுல என்னங்ண்ணா இருக்குது? சேத்தறதுலதான் எல்லாம் இருக்குது" என்றாள் அத்தை.

எனக்குத் திருகாணிகளை டம்ளரில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காரும் உத்தியோகம். அவள் கையை நீட்டினால் நான் ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். முதன்முதலாகத் திரையில் வெளிச்சம் வந்தபோது அத்தை போட்ட கூச்சலில் பக்கத்து ஷெட்டுக் கோழிகள் மிரண்டு, அன்றைக்கு முட்டை குறையப் போகிறதென்று அப்பா திட்டினார். அம்மா பாயசம் வைத்தாள்.

மூன்று நாள் அந்தப் பெட்டி ராஜா மாதிரி ஓடியது. நாலாம் நாள் அடுத்த அறையில் தீவனம் அரைக்கிற மெஷின் ஓடத் தொடங்கியது. மெஷின் ஓடினால் ஆபீஸ் தரை தடதடவென்று அதிரும். "இந்த ஆட்டம் ஆவாது. உள்ள இருக்கற டிஸ்க்கு கெட்டுப்போயிரும்" என்று முனகிக்கொண்டே அத்தை ஏதோ ஒயர் வாங்க சேலத்துக்கு பஸ் ஏறினாள்.

இங்கேதான் நான் ஒரு சேவை செய்தேன். என்னிடம் ஓர் அட்டை இருந்தது. முப்பது குழியிலும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் முப்பது மூஞ்சி வரைந்திருந்தேன். சிரிக்கிறது, அழுகிறது, மீசை வைத்தது, பல்லைக் காட்டுவது எல்லாம் அதில் உண்டு. யாருக்கும் தராமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அத்தையின் பெட்டிக்கென்றால் மட்டமானதையா வைப்பது? மேஜைக்கு அடியில் நின்ற பெட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்த அட்டையை அடியில் தள்ளினேன். பெட்டி அதன்மேல் அழகாக அமுங்கி உட்கார்ந்தது. தட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. பிறகு விளையாடப் போய்விட்டேன், அதோடு மறந்தும் போனேன்.

மறுநாளிலிருந்து பிடித்தது சனியன். பெட்டி அரை மணி நேரம் ஒழுங்காக ஓடும். அப்புறம் திரையில் இருப்பது இருந்தபடியே நின்றுவிடும். மவுஸை என்ன ஆட்டினாலும் அம்பு அசையாது. "ஹேங் ஆயிருச்சு" என்று அத்தை சொல்லி வாய் மூடுவதற்குள் பொட்டென்று அணைந்து, தானே மறுபடி கிளம்பும். கிளம்பிப் பத்து நிமிஷத்தில் திரும்பவும் அதே கதை.

அத்தை என் அழிரப்பரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே செருகியிருந்த ராம் என்கிற மெமரிப் பட்டையின் கால்களை எல்லாம் தேய்த்தாள். என் ரப்பர் கறுத்ததுதான் மிச்சம். பெட்டியைக் கட்டிலில் படுக்கப் போட்டு மூடியைக் கழற்றி ஓட்டினால் நாளெல்லாம் ஓடியது. மூடியைப் போட்டுப் பழைய இடத்தில் நிறுத்தினால் ஹேங். "நின்னாத் தலைசுத்தல் வருமாட்ட இருக்குது" என்று அம்மா சொன்னாள். சொன்னதோடு நில்லாமல் மிளகாயும் உப்பும் எடுத்து வந்து பெட்டிக்கு மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் நாங்கள்தான் இருமினோம்.

முட்டை வேனில் ஏற்றி சேலத்துக் கடை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே மேஜைமேல் ஒரு பகல் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியதாம். "பொட்டிக்கு ஒண்ணுமில்லைங்க. உங்க ஊட்டுக் கரண்டுதான் கோளாறு" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். வேன்காரர் பெட்டியை இறக்கி, அட்டைமேலேயே பக்குவமாக வைத்துவிட்டுப் போனார். கோழிப்பண்ணை வேன்காரருக்கா அதைச் சொல்லித்தர வேண்டும்?

கரண்டு கோளாறு என்றதும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக்கை மாற்றினார். எர்த் குழியைத் தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஸ்டெபிலைசரும் வந்து உட்கார்ந்தது, அதுவும் ஓர் அட்டைமேல்தான். பெட்டி எதற்கும் மசியவில்லை.

அந்த வாரம்தான் கோயமுத்தூரிலிருந்து அத்தைக்கு வேலைக்கான கடிதம் வந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கம்பெனி. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அப்பாவுக்கு ஏற்கெனவே தங்கையைத் தனியாக வெளியூர் அனுப்ப மனசில்லை. இப்போது கையில் ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

"ஊட்டுல இருக்கற பொட்டியவே ஓட்ட முடியல. அங்க போயி ஊரான் பொட்டிய என்னன்னு பாப்ப அம்முணி?"

அம்மாதான் நடுவில் புகுந்தாள். "ஏனுங்க, ஒரு சந்தர்ப்பங் குடுத்துப் பாருங்க. பாவம்."

அப்பா முரடுதான், ஆனால் நியாயஸ்தர். சொன்னார்: "சரி. ஞாயித்துக்கெழம காலையில முட்டை பொறுக்கி முடிச்சதுல இருந்து பொழுதுசாய வரைக்கும் நிக்காம ஓடோணும். ஓடுச்சுன்னா நானே பஸ் ஏத்தி உடறன். நின்னுச்சுன்னா இந்தப் பேச்ச உட்டறோணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அத்தை சாமி கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சிமிட்டினால் அணைந்துவிடுமோ என்று பயம். முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அம்பு நின்றது. திரை கறுத்தது.

அப்பா ஒன்றும் திட்டவில்லை. "உடு சாமி, போனாப் போச்சாது" என்றார். அதுதான் இன்னும் மோசம். அத்தை எழுந்து வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். அவள் முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அத்தை ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று அதுவரை ரகசியமாக வேண்டிக்கொண்டிருந்தவள்தான் நான். அந்த முதுகைப் பார்த்ததும் வேண்டுதலை மாற்றிக்கொண்டேன்.

யாரிடமாவது சண்டை போட வேண்டும்போல இருந்தது. மேஜைக்கு அடியில் புகுந்து பெட்டியிடமே கேட்டேன், "உனக்கு என்னதான் வேணும்?" கேட்டுக்கொண்டே அதைக் கட்டிப் பிடித்தபோது கீழ்ப்பக்கம் சுட்டது. மேலே அவ்வளவு சூடில்லை. கையைக் கீழே கீழே கொண்டுபோனால் அடிப்பாகம் தோசைக்கல்லாகக் கொதித்தது.

கோழிப்பண்ணைப் பிள்ளைக்கு ஒன்று தெரியும். சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்து, இறக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் மருந்து தேடி ஓடக் கூடாது. முதலில் ஷெட்டின் பக்கப் படுதாவைச் சுருட்டிக் காற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் பொத்துப் பொத்தென்று விழும். முழுசாக நல்லாயிருந்த கோழி, நின்ற நிலையில் விழும். இந்தப் பெட்டியும் அப்படித்தானே விழுகிறது?

நான் பெட்டியைச் சாய்த்து அட்டையை உருவினேன். அது வெதுவெதுவென்று, நடுவில் பழுப்பேறி வந்தது. அதை நான் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, என் கண்ணெல்லாம் பெட்டியின் அடியில்தான். அங்கே ஒரு வட்டச் சல்லடை. அதற்குள்ளே சின்ன ஃபேன்.

"அத்தை! ஓடியா! இதுக்கு மூச்சு முட்டுது!"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அடியில் கையை வைத்தாள், சட்டென்று எடுத்தாள். பவர் சப்ளை கீழேயிருந்துதான் காற்றை இழுக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம் என் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். அட்டையை இரண்டாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.

"அண்ணா, தப்பு என்ற மேலதானுங்க. அடியில காத்துப் போற வழிய அடைச்சு வெச்சிருக்குது, நான் பாக்காம உட்டுப்போட்டன். கண்டுபுடிச்சது இவதானுங்க."

அப்பா நாற்காலியை மறுபடி திரைப் பக்கம் இழுத்துப் போட்டார். "அப்ப இன்னொருக்காப் போடு பாக்கலாம்" என்றார்.

பெட்டியை வெறும் தரையில் நிறுத்தினோம். தீவன மெஷினை அன்றைக்கு ஓட்ட வேண்டாம் என்று அம்மா ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள். பத்து மணி ஆயிற்று, மதியம் ஆயிற்று. அப்பா சோற்றுத் தட்டைத் திரைக்கு முன்னாலேயே வைத்துச் சாப்பிட்டார். நான் மணிக்கொருமுறை குனிந்து அடியில் கையை விட்டுப் பார்த்தேன். பொழுது சாய்ந்தது. அம்பு ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா எழுந்து துண்டை உதறினார். "காலையில நேரத்துலயே கெளம்பிரு. வெயிலுக்கு முந்திப் போயிரலாம்" என்றார். அத்தை என்னை அப்படியே தூக்கிச் சுற்றினாள். பத்து வயசுக்காரியைத் தூக்கிச் சுற்றுவதென்றால் சும்மாவா!

அப்பா சொன்ன சொல் தவறாமல் பஸ் ஏற்றிவிட்டார். நான் அதற்கப்புறம் ஊரில் ஒரு வீடு பாக்கி வைக்கவில்லை. "பெரிய படிப்புப் படிச்ச அத்தையே கோட்டை உட்டுட்டாங்க. கடைக்காரரும் எலக்ட்ரீஷியனும் கையை விரிச்சுட்டாங்க. நாந்தான் கண்டுபுடிச்சேன்" என்று சொல்லித் திரிந்தேன். கல்யாண வீட்டில் சொன்னேன், ஊர்க் கோயில் நோம்பியில் சொன்னேன். "தான் பண்ணுன தப்பையே தேடி வாரக்கணக்காத் திரிஞ்சியாம்ல?" என்று சொந்தக்காரர்கள் அத்தையை வருஷக்கணக்கில் கேலி செய்தார்கள். அவள் சிரித்துக்கொண்டு போய்விடுவாள்.

போன மாதம் என் அறையில் நானே சாமான் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தேன். இப்போது கோவையில் ரிப்பேர்ப் பிரிவு முழுவதையும் பார்த்துக்கொள்கிற அத்தைக்கு வீடியோ காலில் காட்டினேன். ஒயர் கட்டியிருக்கிற அழகைப் பார்த்து மெச்சினாள். அப்புறம் சொன்னாள்:

"எல்லாஞ் செரி. அடியில மட்டும் அட்டைகிட்டை வெச்சுப்போடாத சாமி, மூஞ்சி வரைஞ்ச அட்டையா இருந்தாலுஞ் செரி."

சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த திருப்புளி நின்றுவிட்டது. சிவப்புப் பேனா ஞாபகம் வந்தது. மீசை வைத்தது, பல்லைக் காட்டுவது, ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

"அத்தை, அன்னைக்கே தெரியுமா?"

"தெரியாமப் போவுமா? முப்பது மூஞ்சியும் என்னையவே பாத்துச்சுல்ல?"

"அப்புறம் ஏன் அப்பாகிட்ட நான் வெச்சதுன்னு சொல்லல? ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்குமே?"

"பொட்டி என்னுது. அதுக்கு அடியில என்ன கெடக்குதுன்னு நாந்தான பாத்திருக்கோணும்?" என்றவள், சர்வீஸுக்கு ஆள் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டாள்.

அத்தையை நினைத்தால் இப்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. வேலைக்குப் போக விடுவார்களா மாட்டார்களா என்று ஊசலாடிய அந்த நேரத்தில், வேலை தெரியுமா என்று சந்தேகப்பட்ட அண்ணன் முன்னாலேயே போய்த் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். எனக்கோ அதெல்லாம் எங்கே தெரிந்தது? அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் கதையைச் சொல்லி முடித்ததும், லீவுக்கு வந்த அத்தை பக்கத்தில் நின்றால், அவள் கையைப் பிடித்து இழுத்துக் கேட்பேன்: "நாந்தான கண்டுபுடிச்சேன்? இல்லீங்களா அத்தை?"

அவள் என் தலையில் கையை வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "ஆமாஞ் சாமி, நீதான்" என்பாள்.