மதினியின் பழைய அடுப்பு

அக்டோபர் எட்டு, செவ்வாய்க்கிழமை. போடி வீட்டில் ஐந்து மணிக்கு எழுந்தேன். கடுங்காப்பி, செய்தித்தாள், கோப்புகளில் கையெழுத்து. எட்டு மணிக்கு ஜீப்பில் மலையேறி மதினியின் ஏலத்தோட்டத்துக்குப் போனேன். அமைச்சராக நான் அங்கே போக வேண்டியது மறுநாள்தான். அன்று வெறும் நாத்தனாராக இட்லி சாப்பிடப் போயிருந்தேன்.

அந்தச் சரிவுக்கு மின்கம்பி இழுத்தபோது நான் உதவிப் பொறியாளர். பிறகு பொருளாதாரம் படித்தேன். விறகைவிட மின்சாரத்தில் ஏலக்காய் உலர்த்துவதே லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டி, மதினியை மின் உலர்த்தி வாங்க வைத்தேன். இப்போது எரிசக்தித் துறை அமைச்சர். அந்த உலர்த்தியை மற்ற தோட்டக்காரர்களுக்குக் காட்டத்தான் மறுநாள் நிகழ்ச்சி.

இரண்டாவது இட்லியில் கரண்டு போனது.

உலர்த்தும் அறையில் முந்தின நாள் பறித்த காய் பாதிச் சூட்டில் கிடந்தது. சூடு நின்றால் மதியத்துக்குள் பச்சை நிறம் வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். முந்தைய பறிப்பு மழையில் வீணாகியிருந்தது. மதினி நம்பியிருந்தது இதைத்தான்.

ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வளைவில் மின் ஊழியர்கள் கம்பியை உரசும் கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு மந்திரி வர்றாங்க. அவுங்க இருக்கயில கரண்டு கண்ணச் சிமிட்டக் கூடாதுல்ல, அதான்" என்ற மேற்பார்வையாளர், என் முகத்தைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்தார். "இப்பவே குடுக்கச் சொல்லவா மேடம்?"

அண்ணாந்து பார்த்தேன். கம்பத்தில் ஆள் இருந்தார். ஆள் மேலே இருக்கையில் மின்சாரம் கேட்கக் கூடாது என்பது நான் வேலையில் சேர்ந்த முதல் வாரம் படித்தது. "வேலைய முடிச்சிட்டே குடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நான் காரணத்தைச் சொன்னதும் மதினி இடுப்பில் கைவைத்து நின்றார். "கம்பி இழுத்தவ நீ. வெறகு வேணாம்னவ நீ. இப்பக் கரண்டப் புடுங்குனதும் நீதானா ஆத்தா? இன்னும் என்ன படிக்கப் போற?"

"சாயங்காலம் வந்துரும் மதினி."

"காய்க்கிட்டச் சொல்லு, கேக்குதான்னு பாப்போம்."

சொல்லிவிட்டு அறையின் பின்சுவரை ஒட்டி அடுக்கியிருந்த உர மூட்டைகளை இழுக்க ஆரம்பித்தார். பின்னால் பழைய விறகடுப்பு, புகைக்குழாயோடு முழுசாக நின்றது.

"ஒடச்சுப் போட்டேன்னீங்களே?"

"நீ கணக்குப் போட்டுச் சொல்றப்ப எதுத்துப் பேச முடியுமா? சொன்னேன். ஒடைக்கல. வெரசா வெறகக் கொண்டா."

கஞ்சி போட்ட சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறகு சுமந்தேன். ஈர விறகை எடுத்ததற்கு இரண்டு முறை திட்டு வாங்கினேன். மதியத்துக்கு முன்பே அறை மறுபடி சூடேறியது. மின்சாரம் சாயங்காலம் வந்தபோது, மதினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக இருவரும் அறைக் கதவைத் திறந்து, ஒரு கை காயை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தோம். நல்ல பச்சை. மதினி உடனே உர மூட்டையை அடுப்பை நோக்கி நகர்த்தப் போனார்.

"விடுங்க மதினி, வர்றவுங்க இதையும் பாக்கட்டும்" என்று மூட்டையைப் பிடித்துக்கொண்டேன்.