சத்தமில்லாத கம்பி

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் ஒயர் அக்கா. முடியைவிட மெல்லிய உலோகக் கம்பிகளைக் குளிரவைத்து, மின்சாரம் ஓடும் சத்தத்தை ஹெட்போனில் கேட்பது இருபது வருஷமாக அவள் வேலை. எந்தக் கம்பியானாலும் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி கேட்கும்; ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு துளி.

அன்று வந்த புதுவகை உலோகக் கம்பியில் மின்சாரம் ஓடுவதாக மீட்டர் காட்டியது. காதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. மூன்று தடவை கழற்றி மாட்டினாள். அதே அமைதி.

"சார், கரண்ட் போகுது. ஆனா போறவங்க யாரையும் காணோம்."

பேராசிரியரும் கேட்டுப் பார்த்தார். "உள்ள எலக்ட்ரான் தனித்தனியா இல்லம்மா. ஒண்ணை ஒண்ணு நெருக்கி, எது எதுன்னே தெரியாம கரைஞ்சுபோச்சு போல."

அவள் ஹெட்போனைச் சட்டென்று கழற்றி வைத்தாள். அதன்பின் அந்தக் கம்பியை அளக்கும் நாட்களில் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். வெளியே யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் அவளுக்கு.