மூன்றேகால் வரை கூட்டாத வீடு

மகனை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போகும் வேன் தெருமுனையில் திரும்பியதும், மனைவி முதல் வேலையாக விளக்குமாற்றை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது. நான் மடுல்கெல்லையிலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்த காலத்தில் இந்தச் சட்டம் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பஸ்ஸுக்குப் போட்ட சட்டத்தை மெல்பன் வரை நீட்டலாமா என்று அவளைச் சீண்டினேன். அவள் அசையவில்லை.

"எத்தன மணித்தியாலம்னு மட்டும் சொல்லுங்க."

முப்பது வருடம் அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டியவன் நான். டிக்கெட் பிரதியைப் பார்த்தேன். கட்டுநாயக்கவில் நள்ளிரவு பன்னிரண்டேகாலுக்குப் புறப்பாடு, மெல்பனில் பிற்பகல் மூன்றேகாலுக்கு இறக்கம். பதினைந்து மணித்தியாலம் என்று தீர்ப்புச் சொன்னேன்.

வழியனுப்ப நான் போகவில்லை. இடுப்பு வலி என்று சொன்னது பொய். அவன் இங்கேயே இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவன் கேட்கவில்லை, எனக்குக் கோபம். நான் போகாததால் அவளும் நின்றுவிட்டாள். மகன் காலில் விழுந்து எழுந்தபோதுகூட, "பாஸ்போர்ட் இருக்கா?" என்று மட்டும்தான் கேட்டேன்.

மறுநாள் காலையில் வீடு பார்க்கச் சகிக்கவில்லை. பெட்டி கட்டிய கயிற்றுத் துண்டுகள், கிழித்த லேபல்கள், வாசலில் அவன் சப்பாத்துச் சேறு. ஒரு தூசி கிடந்தாலும் கத்துகிற ஆள் நான். அன்று எல்லாவற்றையும் தாண்டித் தாண்டி நடந்தேன்.

பதினொன்றேகாலுக்கு என் போன் அடித்தது. திரையில் அவன் பெயர். என் கணக்குப்படி அவன் கடலுக்கு மேலே இருக்க வேண்டிய நேரம். விமானம் திரும்பிவிட்டதா, நடுவழியில் எங்காவது இறக்கிவிட்டார்களா? பிள்ளையிடம் கடைசியாகப் பேசியது ஒரு பாஸ்போர்ட்டைப் பற்றித்தானே என்று நினைத்தபோது கை போனைத் தொடவே மறுத்தது. அவள்தான் எடுத்தாள்.

"நல்லபடியா எறங்கிட்டேம்மா. இங்க இப்ப மூணே முக்கால்."

அப்போதுதான் உறைத்தது. அங்கே கடிகாரம் நம்மைவிட நாலரை மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. அவன் பறந்தது வெறும் பத்தரை மணித்தியாலம். அப்பா கணக்கில் நீ இன்னும் வந்து சேரவில்லை என்று அவனிடம் சொல்லிச் சிரித்தபடி போனை என்னிடம் நீட்டினாள்.

"ஏர்போட்டுக்கு நான் வந்திருக்கணும்டா," என்றேன்.



"பரவாயில்லப்பா. பாஸ்போர்ட் பத்திரமா இருக்கு."

அவன் வைத்த பிறகு மனைவி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அந்தச் சப்பாத்துத் தடம் காய்ந்து அப்படியே கிடந்தது.

"மூணேகாலுக்குக் கூட்டலாம். நான் சொன்ன நேரமே இருக்கட்டும்," என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு விளக்குமாற்றைத் திரும்பக் கதவுக்குப் பின்னால் வைத்தாள்.